மேற்காலத் தோட்டத்தின் மறுபாதி

ஓவனுக்குள் மோட்டார் வெந்துகொண்டிருக்கும்போது ராசாத்தாளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. புதிதாகக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கியெடுத்த மோட்டாரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறார். சூட்டைத் திருகிவிட்டு, தலைமேல் ஏற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்குகிறார். ஸ்டூலைக் காலால் இழுத்து, மின்விசிறிக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்கிறார். நேராக உட்கார்ந்தால் காற்று பக்கத்தைப் புரட்டிவிடும். மடியில் செங்கல் கனத்துக்கு ஒரு நாவல். விட்ட இடத்தைக் காட்ட அதில் ஒரு செம்புக் கம்பித் துண்டு. நாலு பக்கம் போகும்வரை அமைதி, அதற்குப் பிறகு சண்டைதான். "அட, அவம் பேச்சக் கேக்காத புள்ள! சொன்னாப் புரிஞ்சுக்க!" என்று புத்தகத்தைப் பார்த்து ஓர் அதட்டுப் போடுகிறார். கையில் எரிந்துபோன பம்புசெட்டோடு வாசலில் வந்து நிற்கும் மீசைக்காரர், தன்னைத்தான் சொல்கிறாரோ என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறார்.

கோவை கணபதியில், பஸ் போகும் சாலையை விட்டு இரண்டு சந்து உள்ளே தள்ளியிருக்கிறது ராசாத்தாள் மோட்டார் ரீவைண்டிங். போர்டில் உள்ள பெயர் ஏதோ குலதெய்வத்தின் பெயர் என்றுதான் பாதிப்பேர் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே வந்து, "ஓனர் இல்லீங்களா?" என்பார்கள். ராசாத்தாள் தலையைத் தூக்காமல், "இருக்காங்க, சொல்லுங்க" என்பார். "வந்தாச் சொல்லுங்க" என்று அவர்கள் விடைபெறப் பார்ப்பார்கள். "வந்துதாங்க இருக்காங்க, மோட்டார எறக்கி வெய்யுங்க" என்பார். ஐம்பத்திரண்டு வயதில் இந்த விளையாட்டு அவருக்கு இன்னும் சலிக்கவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு பம்பு கம்பெனியில் காயில் சுற்றும் வேலைக்குப் போனவர். சுற்றச் சொன்னதைச் சுற்றிவிட்டு மணியடித்ததும் கிளம்புகிற ஆள் இல்லை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, அது ஏன் எரிந்தது என்று கேட்டுக்கொண்டு திரிவார். அந்த வாயினால்தான் வேலை போயிற்று, அந்த வாயினால்தான் சொந்தப் பட்டறையும் வந்தது. கணவர் சென்னியப்பன் டெம்போ ஓட்டுகிறார். மோட்டார்களை ஏற்றி வருவதும் இறக்கிவிட்டு வருவதும் அவர் பாடு. மகள் லோகப்பிரியா பெங்களூரில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை. பட்டறையில் துணைக்கு இல்மா என்று ஒரு பெண், கரும்புக்கடைப் பகுதியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாள்.

இத்தனை வருடம் செம்புக் கம்பியை இழுத்து இழுத்து ராசாத்தாளின் விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினைப் பொறுத்தவரை இப்படி ஒரு மனுஷி உலகத்தில் இல்லை. விரலை வைப்பார், சிவப்பு விளக்கு எரியும். துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், மறுபடி சிவப்பு. "அந்த மெஷினு ஒரு நாளைக்கு எரிஞ்சு என்ற பட்டறைக்கு வருமல்ல, அப்ப வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கணவரின் விரலைக் காட்டி அரிசி வாங்கி வருவார். ரேகை இல்லாத அந்தப் பெருவிரலில் எந்நேரமும் வார்னிஷ் கறை இருக்கும். அதைச் சேலையில் துடைக்கவே மாட்டார். திருப்பூரிலிருந்து மூட்டையில் வருகிற பனியன் வேஸ்ட் துணியில் ஒரு துண்டு எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும். கோயிலுக்குப் போனாலும் அது இருக்கும், கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிப் போனாலும் இருக்கும்.

படிக்கிற பழக்கம் புதியதில்லை. வாரப்பத்திரிகை, மாத நாவல், பேய்க்கதை, பொட்டலம் மடித்து வந்த தாள் என்று எது கைக்குக் கிடைத்தாலும் விடமாட்டார். இந்த ஒரு நாவலைத்தான், 'மேற்காலத் தோட்டம்' என்கிற இந்த ஒன்றைத்தான், ஐம்பது வருடம் கையால் தொடமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தார்.

வைராக்கியத்துக்குக் காரணம் அவர் பெயர்தான். நாவலின் நாயகி பெயரும் ராசாத்தாள். ராசாத்தாளின் அப்பா ஆயுசில் ஒரே ஒரு நாவல் படித்தவர், அதையே வருடத்துக்கு ஒருமுறை படித்தவர். பெண் பிறந்ததும் வேறு யோசனையே இல்லாமல் அந்தப் பெயரை வைத்துவிட்டார். ராசாத்தாள் பிறந்த பெருந்துறைப் பக்கத்தில் அந்தக் கதை தெரியாதவர்கள் கிடையாது. கதையில் வரும் ராசாத்தாள் தன் பங்குத் தோட்டத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து, பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைக்கிறாள். வைத்துவிட்டு, 'எம் பொறந்தவன் வாழ்ந்தாப் போதும்' என்கிறாள். அந்த வாசகம் இன்றைக்கும் கல்யாண மண்டபத்து வாசலில் பிளக்ஸ் பேனரில் தொங்குகிறது. இணைச்சீர் என்று மாப்பிள்ளையோடு அவன் தங்கையையோ அக்காளையோ நிறுத்திச் செய்கிற சடங்கு இருக்கிறதே, அந்தப் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் இதைத்தான் போடுவார்கள். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் மணப்பெண்ணின் சீர்த்தட்டில் தேங்காய் பழத்தோடு அந்த நாவலில் ஒரு பிரதியையும் வைத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. படிக்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தப் பெயரோடு ஒரு பிள்ளை வளர்ந்தால் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்தில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டால், "ராசாத்தாள்னு பேர வெச்சுக்கிட்டு இடத்துக்கு அடிச்சுக்கறயா?" என்பார் டீச்சர். தின்பண்டத்தில் பெரிய துண்டு அண்ணனுக்குப் போகும். கேட்டால், "பேருக்கேத்த மாதிரி இரு கண்ணு" என்பார்கள். புகுந்த வீட்டிலும் அதே பாட்டு. "எம்பட பேர எனக்கு வெச்சாங்களா, இல்ல அண்ணனுக்கு வெச்சாங்களான்னே தெரியிலீங்க" என்பார் ராசாத்தாள். கல்யாணத்தில் அவருக்கு மூன்று பிரதி வந்தது. ஒன்றைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டார். ஒன்றை யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டார். மூன்றாவது, பட்டறையில் ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அண்டக்கொடுக்க உதவியது. மேசை இன்றுவரை ஆடவில்லை.

இப்போது மடியில் இருப்பது நாலாவது பிரதி. அதைக் கொடுத்தவர் அண்ணன் பாலுசாமி.

பாலுசாமி கெட்டவர் இல்லை. இதை ராசாத்தாளே முதலில் சொல்லிவிடுவார். ஒரு வருடம் தவறாமல் பொங்கலுக்கு மஞ்சள், தேங்காய், சேலை என்று சீர் கொண்டுவந்து இறக்குகிற மனிதர். சென்னியப்பன் டெம்போவோடு கவிழ்ந்து கால் ஒடிந்து கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர். அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர்க்காரியாகக் கூறைச்சேலை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது ராசாத்தாள்தான். அப்பா அம்மா போன பிறகு பொறந்த வீடு என்று மிச்சமிருப்பது அந்த ஒரு வாசல். பதிலுக்கு அண்ணன் கிணற்று மோட்டார் எத்தனை கோடையில் எரிந்தாலும் ராசாத்தாள்தான் கம்பி சுற்றிக் கொடுப்பார், கூலி என்று ஒரு வார்த்தை வாயில் வராது.

அந்தக் கிணறு இருக்கிற விவசாயக் காட்டை ஒட்டித்தான் இப்போது சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்து வந்து நிற்கிறது. நல்ல விலைக்கு ஆள் வந்திருக்கிறது, அப்பா பெயரில் இருந்த நிலமாகையால் தங்கையும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் தையில் சீரோடு வந்தபோது பாலுசாமி விஷயத்தைச் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். ராசாத்தாள் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கணபதிப் பட்டறைக் கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாகக் கட்டடத்துச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். ஆடிக்குள் காலி செய்ய வேண்டும். சிப்காட் வாசலில் ஒரு பட்டறை போட்டால் என்ன? அங்கே தினம் எத்தனை மோட்டார் எரியும்! கிணற்றுக் காட்டில் தன் பங்கு மட்டும் கைக்கு வந்தால் போதும். கட்டடம் இடிப்பார்கள் என்ற பயமும் இல்லை, யாருக்கும் காலி செய்து கொடுக்கவும் வேண்டாம். இதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. ஊரெல்லாம் எதிர்த்துப் பேசுகிற வாய், அண்ணன் முன்னால் மட்டும் பொட்டிப் பாம்பு. "சித்த யோசிச்சுச் சொல்றேனுங்ண்ணா" என்றார்.

பாலுசாமி சிரித்தார். சீர்த்தட்டில் சேலைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். "யோசிக்க என்ன அம்மணி இருக்குது? உன்ற பேருக்கே ஒரு கதை இருக்குதல்ல? ஒரு தடவ படிச்சுப் பாரு. படிச்சுப்போட்டு வந்து கையெழுத்தப் போடு."

"செரீங்ண்ணா. படிச்சுப்போட்டே வாரேன்" என்றார் ராசாத்தாள்.

அண்ணன் நிம்மதியாகப் போனார். வேறு எதைக் கொடுத்திருந்தாலும் அவர் தப்பித்திருப்பார். ஒரு பவுனில் மோதிரம் கொடுத்திருந்தால்கூட வேலை முடிந்திருக்கும்.

இப்படித்தான் தொடங்கியது படிப்பு. முதல் பத்து நாள் ராசாத்தாள் அந்த நாவலைக் கரித்துக் கொட்டினார். "மழையப் பத்தி நாலு பக்கங்க! எங்கூர்ல அவ்வளவு மழை பேஞ்சிருந்தா நாங்க ஏன் மோட்டார் போடறோம்?" மாட்டைப் பற்றி ஒரு அத்தியாயம் முழுக்க வந்தபோது, மாட்டின் பெயரை வரிக்கு வரி எழுதிவிட்டு நாயகி பெயரை மறந்துவிட்டார் என்று ஆசிரியர்மேல் வழக்கு. அந்த ஆசிரியர் செத்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அதற்காக ராசாத்தாள் அவரை விட்டுவிடவில்லை.

அன்றன்றைக்குப் படித்த கதை மறுநாள் இல்மாவுக்குப் போய்ச் சேரும். இல்மா காயிலை மூங்கில் குச்சியால் தள்ளித் தள்ளிப் பள்ளத்துக்குள் உட்காரவைத்துக்கொண்டே கேட்பாள். சுற்று எண்ணும்போது மட்டும் இருவரும் ஊமை. எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து சுற்ற வேண்டும். சுற்று முடிந்த நொடியில், "அப்புறம் என்னாச்சுங்க்கா?" என்பாள் இல்மா. கொஞ்ச நாளில் மழை நாலு பக்கத்தைக்கூட ராசாத்தாள் விடாமல் சொல்ல ஆரம்பித்தார். "அவரு சொல்றதப் பாத்தா மண்ணு வாசம் மூக்குல ஏறுதுடி" என்றார் ஒரு நாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

ரேகை வைக்கிற கட்டம் நெருங்க நெருங்க அவர் முகம் சுண்டிப்போயிற்று. சிறுவயதில் பள்ளி ஆண்டுவிழாவில் அதை நாடகமாகப் பார்த்தவர். வருடா வருடம் அந்தப் பள்ளியில் அதே நாடகம்தான். பாலுசாமி ஒன்பதாவது படிக்கும்போது அண்ணன் வேஷம் கட்டினார். கதை ராசாத்தாள் மையில் விரலை முக்கி, பத்திரத்தில் வைத்து, 'எம் பொறந்தவன் வாழ்ந்தாப் போதும்' என்று சொல்லவும் திரை விழுந்தது. கூட்டத்தில் மூக்கைச் சிந்தாதவர்கள் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நிஜ ராசாத்தாளை எல்லோரும் எட்டிப் பார்த்து, தலையைத் தடவிக்கொடுத்தார்கள். அந்தத் தடவலை நினைத்தால் இன்றைக்கும் உச்சந்தலை எரிகிறது என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அன்னூர்க்காரர் ஒருவரின் மோட்டார் ஓவனுக்குள் வெந்துகொண்டிருந்தபோது, அந்தக் கட்டம் வந்தது. ராசாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். கதை ராசாத்தாள் மையில் விரலை முக்கினாள். பத்திரத்தில் வைத்தாள். அண்ணன் பத்திரத்தை ஊதிக் காயவைத்தான். அவ்வளவுதான், முடிந்தது. ராசாத்தாள் பெருமூச்சோடு புத்தகத்தை மூடப் போனவர், மூடவில்லை. வலது கையில் இருக்கிற கனத்தைப் பார்த்தார், இடது கையில் இருக்கிற கனத்தைப் பார்த்தார்.

"இல்மா, இன்னும் பாதி கெடக்குது!" என்றார்.

பக்கத்தைப் புரட்டினார். ரேகை வைத்தவள் எழுந்து வெளியே வருகிறாள். அண்ணனின் வீட்டுக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். முன்சுவர் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. கதை ராசாத்தாள் நடந்துகொண்டே, மை ஈரம் காயாத பெருவிரலைச் சுவரில் வைத்து, வாசற்படியிலிருந்து கடைசி மூலைவரை, ஒரே கோடாக இழுத்துத் துடைத்துக்கொண்டு போகிறாள். ஊரே பார்க்கிறது.

ராசாத்தாள் அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. கருகல் நாற்றம் மூக்கில் ஏறி, இல்மா ஓடிப்போய் ஓவனை அணைக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அவர் கையில் ஒரு மோட்டார் ஓவனுக்குள்ளேயே கருகியது அதுதான் முதல்முறை. அன்னூர்க்காரருக்குத் தன் செலவில் புதிதாகச் சுற்றிக் கொடுத்தார். காரணம் கேட்டதற்கு, "ஒரு அவசரமான சோலிங்க. எங்கூட்டு ஆளு ஒருத்தி செவுத்துல கோடு போட்டுப்போட்டா" என்றாராம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மறுபாதியில் மழை இல்லை, மாடு இல்லை. ஒவ்வொரு நோம்பிப் பண்டிகைக்கும் அண்ணன் சுவருக்கு வெள்ளையடிக்கிறான். ஒரு மழை பெய்தால் கோடு மறுபடி தெரிகிறது. கதை ராசாத்தாள் எதிர்க்காட்டைக் குத்தகைக்குப் பிடித்துப் பாடுபடுகிறாள். தண்ணீர் முறை கேட்டுப் பஞ்சாயத்தில் நிற்கிறாள், தோற்கிறாள், மறு வருடம் மறுபடி நிற்கிறாள். தலை நரைத்து முதுகு வளைந்த பிறகு அண்ணனே நேரில் வந்து, சாப்பிட வா என்று கூப்பிடுகிறான். "செவுத்தப் போயிப் பாத்துட்டு வா, பொறவு பேசலாம்" என்கிறாள். கதை அங்கே முடிகிறது.

ராசாத்தாள் இன்னொரு காரியமும் செய்தார். பேனர்களில் தொங்குகிற அந்த வாசகத்தைத் தேடி முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை மறுபடியும் விரலை ஓட்டிப் பார்த்தார். எங்குமே இல்லை. கணவரிடம் சொன்னார். "ஊர்பூரா எழுதி வெச்சிருக்காங்களே, எங்கியாச்சும் ஒரு மூலைல இருக்கும், நல்லாப் பாரு" என்றார் சென்னியப்பன். "நீங்களே பாருங்க" என்று புத்தகத்தை அவர் மடியில் போட்டார். அவர் இரண்டு நாள் டெம்போவிலேயே வைத்துக்கொண்டு தேடிவிட்டு, "இல்லதான் போல" என்று திருப்பிக் கொடுத்தார். ராசாத்தாள் மகளுக்குப் போன் போட்டார். அவள் அந்த நாவலைப் பற்றிப் பத்து நிமிட வீடியோ ஒன்று பார்த்திருக்கிறாள். "அதுலயும் ரேகை வெக்கறதோட முடிஞ்சுதும்மா" என்றாள். நாடகம் போட்டவர்கள் எழுதிச் சேர்த்த வசனத்தை ஒரு சீமையே நாவல் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறது! திரை விழுந்ததும் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள், புத்தகம் பாட்டுக்கு மீதிப் பாதியோடு அவரவர் பீரோவில் கிடந்திருக்கிறது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே இல்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். அப்பாவை அவர் அய்யன் என்றுதான் சொல்வார். "எங்கய்யன் இத வருசா வருசம் படிச்சவரு புள்ள. பின்பாதிய உட்டுப்போட்டாப் படிச்சிருப்பாரு? தெரிஞ்சுதான் எனக்கு இந்தப் பேர வெச்சிருக்காரு." அவ்வளவுதான் சொன்னார். இடுப்பிலிருந்த பனியன் வேஸ்டை எடுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டு அழுதார். ஐம்பது வருடமாகத் தன் பெயர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அய்யன்மேல் வைத்த கோபம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. முகத்தில் வார்னிஷ் அப்பிக்கொண்டது. இல்மா கெரசினைத் தொட்டுத் துடைத்துவிட்டாள்.

அதற்காகக் கதை ராசாத்தாளை அவர் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. "கோடு போட்டா, செரி. ஆனா எப்பப் போட்டா? கையக் குடுத்துப்போட்டுப் பொறவு செவுத்தோட சண்டை கட்டுனா, செவுரா தோட்டத்தத் திருப்பிக் குடுக்கும்? அந்தக் காலத்துல அவளுக்கு வேற வழியில்ல. எனக்கு என்ன கேடு?" என்று ஓவனைப் பார்த்துக் கேட்டார். பயமில்லையா என்றால், இருக்கிறது. "பொறந்த ஊடுன்னு ஒண்ணு இருக்கறதும் இல்லாததும் நொம்ப வித்தியாசம் புள்ள. ஒரு பொங்கலுக்கு அந்த மஞ்சக்கொத்து வரலீன்னா எனக்குத் தாங்குமான்னு தெரியல" என்று இல்மாவிடம் ஒத்துக்கொண்டார். சொல்லிவிட்டுக் கம்பியை எடுத்துச் சுற்று எண்ண ஆரம்பித்தார்.

பங்குனியில் ஒரு முகூர்த்த நாள் பார்த்து அண்ணன் பெருந்துறைக்குக் கூப்பிட்டார். ராசாத்தாள் குளித்து, நல்ல சேலை கட்டி, புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு டெம்போவில் ஏறினார். இடுப்பில் வழக்கம்போலப் பனியன் வேஸ்ட். "இன்னிக்காச்சும் அத எடுத்து வெச்சுப்போட்டு வரக்கூடாதா?" என்றார் சென்னியப்பன். "அது பாட்டுக்கு இருக்கட்டுங்க" என்றார்.

பத்திர ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிற கண்ணையாவின் அறை. பாலுசாமி முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் கஞ்சி போட்ட வெள்ளைத் துண்டு. தங்கைக்கு இளநீர் வாங்கி வைத்திருந்தார். "குடி கண்ணு, வெய்யல்ல வந்திருக்கற" என்றார். ராசாத்தாள் குடித்தார். "புஸ்தகம் படிச்சுட்டியா?" என்றார் அண்ணன், சிரித்துக்கொண்டே.

"முழுசாப் படிச்சுட்டேனுங்ண்ணா."

"அப்புறமென்ன!" என்று பாலுசாமி கண்ணையாவைப் பார்த்தார்.

கண்ணையா பத்திரத்தை விரித்து வைத்தார். "உங்க வெரலு மெஷின்ல உழுகாதுன்னு அண்ணன் சொன்னாருங்க. மொதல்ல மைல ரேகை வெச்சுப்போடுங்க, கையெழுத்துப் பொறவு போட்டுக்கலாம்" என்று மைப்பெட்டியைத் திறந்து நகர்த்தினார். ராசாத்தாள் பெருவிரலை மையில் அழுத்தினார். நன்றாக, நகக்கண்வரை அழுத்தினார். தூக்கிப் பார்த்தார். வார்னிஷ் கறையை மூடிக்கொண்டு விரல் நீலமாக மின்னியது.

"ஏனுங்ண்ணா, ரேகை வெச்ச பொறவு அவ அந்த மைய எதுல தொடச்சான்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"எவ?"

"கதைல. ராசாத்தா."

பாலுசாமி கொஞ்சம் யோசித்தார். "அதான் திரை உழுந்துருதே" என்றார்.

"கெணத்துக் காட்டுல என்ற பங்கு எனக்கு வேணுங்ண்ணா" என்றார் ராசாத்தாள். "அங்க நான் பட்டறை போடோணும்."

பாலுசாமியின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ராசாத்தாளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அய்யன் வெச்ச பேருக்காகவாச்சும் வெய்யி அம்மணி" என்றார். தங்கை அசையாமல் இருப்பதைப் பார்த்து, "வெக்கலீன்னா இன்னையோட உனக்குப் பொறந்தவன் ஊடு இல்லைன்னு நெனச்சுக்க" என்றார்.

ராசாத்தாளின் கண் நிறைந்தது. அழுகையோடு அழுகையாக வைத்துவிடுவார் என்றுதான் வாசலில் நின்ற சென்னியப்பன்கூட நினைத்தார். மை பூசிய விரல் பத்திரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. கண்ணையா தாள் பறக்காமல் இருக்க அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

இடுப்பில் பனியன் வேஸ்ட் இருந்தது. ராசாத்தாள் அதைத் தொடவில்லை. கையைப் பத்திரத்தைத் தாண்டி நீட்டி, அண்ணனின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின் முனையை இழுத்து, அன்றைக்கு இணைச்சீரில் கூறைச்சேலையைப் பிடித்த அதே பிடியாகப் பிடித்துக்கொண்டு, பெருவிரலைத் துளி மை மிச்சமில்லாமல் துடைத்தார்.